வாடா கண்ணு

திறந்து கிடக்கும் கேட்டைப் பிடித்தபடி கணவர் நிற்கிறார். நடுத்தெருவில் நாய். அதன் பின்னால் பஸ்கள் இரையும் பெரிய சாலை. "வாடா கண்ணு" என்று குழைகிறார். நாய் வாலை இடுக்கிக்கொண்டு சாலைப் பக்கமே பின்வாங்குகிறது. ஈரக் கையோடு மனைவி ஓடி வருகிறாள். "வாயை மூடுங்க. இன்னொரு தடவை கூப்பிட்டா பஸ்ஸுலதான் போய் விழும்." "ஷூவைக் கடிச்சா அடிக்காம மடியில வச்சுக் கொஞ்சுவாங்களாக்கும்?" என்கிறார் அவர். "அது கடிச்சது காலையில. நீங்க சாயங்காலம் வந்து, வாடா கண்ணுன்னு கிட்ட கூப்பிட்டு வச்சு அடிச்சீங்க. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அதுக்கு ஷூவா ஞாபகம் இருக்கும்? நீங்க கொஞ்சிக் கூப்பிட்டு அடிச்சதுதான் இருக்கும்." சாய்ந்த வெயிலில் நாயின் விலா ஏறி இறங்குகிறது. ஒரு ஹாரன் அலறுகிறது. கூப்பிட வாய் திறந்தவள் சட்டென்று மூடிக்கொள்கிறாள். அவளும் அதை 'வாடா கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். "உள்ள போங்க. உங்க முகமே அதுக்குத் தெரியக் கூடாது." அவர் போகிறார். அவள் தெருவிலேயே சப்பணமிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். வெகுநேரம் கழித்து முழங்கையில் ஈர மூக்கு படுகிறது. கொஞ்சுவதற்கு ஒரு சொல்லும் மிச்சமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் மெல்லக் கழுத்துப் பட்டையைப் பிடிக்கிறாள்.