முயல் ஏறும் சத்தம்

மச்சானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அவருடைய டயர் கடையில். புது டயர் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, நல்ல மெத்து ரப்பர். உங்க வண்டிக்கு முன்னாடி ரெண்டையும் மாத்திடலாம். இனிமே ஏத்தத்துல குதிக்காது."

என் மனைவி இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் அவருக்கு ஒரே தங்கை.

"தங்கச்சி போனப்புறம்தான் நல்ல டயர் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

அவர் சாக்பீஸை எடுத்து அந்த டயரின் மேல் 'மாப்ளே' என்று எழுதி ஓரமாக வைத்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபம் பழையது.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து திரும்பினால் செங்குத்தான சிமென்ட் ஏற்றம். அடியில் நிறுத்தி, அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். என்னுடையது முன்சக்கரம் இழுக்கிற வண்டி. ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் போய்விடும். முன்னால் பிடிமானம் குறையும். மச்சான் மாட்டிய டயரோ கெட்டி ரப்பர். பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். முன்பக்கம் தடதடவென்று குதிக்கும்.

"சார், கார் ஓட்டுறீங்களா, குதிரை ஓட்டுறீங்களா?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

என் மனைவி வண்டிக்கு முயல் என்றே பேர் வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வருடம் அவளுக்கு மாடியறைதான் உலகம். ஆபீஸ் விட்டு வந்து நான் படியேறிப் போனால், தலைவாரிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஏதாவது பத்திரிகை விரிந்திருக்கும்.

"முயல் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, மகாராணி மாதிரி இருக்கேன். உங்க மூஞ்சிதான் வாடிக் கிடக்கு."

மருந்து வேலை செய்கிறது என்று நம்பினேன்.

ஒருமுறை பொறுக்க மாட்டாமல், வேறு கடையில் முன் டயர் இரண்டையும் மாற்றினேன். மெத்தென்ற ரப்பர். அன்று மாலை வண்டி பூனை மாதிரி ஏறியது. அந்தப் பெருமையை அவளிடம் சொல்ல மாடிக்கு ஓடினேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள். தலையணையின் நுனியைப் பல்லால் கடித்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

சட்டென்று முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசந்துட்டேன். நீங்க எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் புது டயர்களைக் கழற்றிவிட்டு, தன் கடையிலிருந்து கொண்டுவந்த கெட்டி டயர்களை மாட்டி முடித்திருந்தார்.

"அது உங்க வண்டிக்குச் சேராது மாப்ளே."

"வேற கடைக்குப் போயிட்டேன்னு பொறாமையா?"

"அப்படியே வச்சுக்கங்க. இதுல பட்டன், அதான் மேல இருக்கிற வெட்டு, நல்லா ஆழமா இருக்கு, ரோட்டுல பிரேக் பிடிக்கும். ஏத்தத்துல மட்டும்தான் குதிக்கும். குதிச்சா குதிச்சுட்டுப் போகுது."

"கூடப்பிறந்தவ வீட்டுலயே விக்காத சரக்கைத் தள்ளுறீங்களே, நல்லா இருக்கா மச்சான்?"

அவர் குனிந்து ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாடியிலிருந்து அவள் குரல்தான் வந்தது. "எங்கண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க!"

அதன் பிறகு மச்சானோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தங்கைக்கு எல்லாம் முடிந்தபிறகு, கடையில் அந்தப் புது டயரை அழுத்திக் காட்டினாரே, அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவர் மனைவி என்னைத் தனியாகக் கடைக்குள் கூட்டிப் போனார். சாக்பீஸ் எழுத்தோடு அந்த டயரும் அதன் ஜோடியும் இருந்தன.

"தம்பி, இதை எடுத்துட்டுப் போங்க. 'இனிமே அந்தச் சத்தம் யாருக்கு வேணும், மாப்ளே நிம்மதியா ஏறட்டும்'னு உங்களுக்காக எடுத்து வச்சது."

"எந்தச் சத்தம்க்கா?"

அவர் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. வாங்கினவளும் இல்ல, கொடுத்தவரும் இல்ல. நீங்க டயர் மாத்தினீங்களே, அன்னிக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு அழுதா, தம்பி. 'வண்டி குதிக்கிற சத்தம் கேட்டாத்தான் அண்ணா, அவர் படியேறி வர்றதுக்குள்ள எழுந்து தலைவாரி உட்கார முடியும். நான் பகல் பூரா கிடக்கிற கிடையைப் பார்த்தா அவர் தாங்க மாட்டார்'னா. கீழ வந்ததும் ஹாரன் அடிக்கச் சொல்லேன்னு இவர் சொல்லிப் பார்த்தார். 'எதுக்குன்னு கேப்பாரே'ன்னுட்டா."

டயர்களை டிக்கியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முயல் குதித்துக் குதித்து ஏறியது.

அவை இரண்டும் இப்போது ஷெட்டில் சுவரோடு சாய்ந்திருக்கின்றன. வண்டியில் ஓடுவது அந்தக் கெட்டி டயர்தான்.