காற்றுப் புகாத வீடு

“காத்து புகாதுன்னு வீடு கட்டினவன் சொல்ற பேச்ச நம்பமாட்டேன், வெளியாளு வந்து பாக்கட்டும்” என்று கதிர்வேலுதான் காற்றுக் கசிவு பார்க்கும் சோதனைக்காரரை வரவழைத்தான். குழந்தை இறந்த பிறகும் அவன் மனைவி பூங்கோதை அவிழ்க்கவிடாத தூளி தினமும் தானாக ஆடியது. வெறும் தூளியை யாரும் ஆட்டக்கூடாது. ஆட்டுவது காற்றுதான் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அவர் ஜன்னல்களை அடைத்தார். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்காற்றை வெளியே இழுத்தார். இடுக்கு இடுக்காக ஊதுபத்தியைக் காட்டினார். புகை எங்கேயும் சாயவில்லை.

“காத்து உள்ள வர வழியே இல்லைங்க.”

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

“ஊசிமுனையளவு ஓட்டை இருக்குன்னாவது சொல்லிடுங்க சார்” என்றான் கதிர்வேலு.

அவர் தூளியையே பார்த்தார். அதன் ஆட்டம் மெல்லக் குறைந்தது. பூங்கோதை உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தான்.”