அடியில் கீறல்

நப்லாவுக்குச் சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் மாமா அபூசாலிக்கு, அலுமாரியில் இருந்த கிளாசில்தான் கண். ஒல்லாந்தர் காலத்துக் கிளாஸ் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"தங்கச்சி, அத எடுங்க பாப்பம்."

அவர் தனக்கே வேண்டுமென்று கேட்டால் மறுக்க முடியாதே என்ற பயத்தோடு நப்லாவின் உம்மா சுபைறா எடுத்துக் கொடுத்தாள். கிளாசைக் கவிழ்த்துப் பார்த்த அபூசாலி சிரித்தார். பழம்பொருள் பார்ப்பதை யூடியூபில் முழுசாகப் படித்தவர்.

"அடியில ஒரு கீறல் இல்ல. இருநூறு வருஷம் வெச்சு எடுத்தா கீறாதா? நடைபாதைச் சாமான். ஒங்கள நல்லா ஏமாத்திரிக்காங்க."

"எங்களுக்கு என்ன காக்கா விளங்கும்?" என்றாள் சுபைறா, அவரை அண்ணன் முறை வைத்து.

கை கழுவ அடுப்படிக்குப் போனவர் ஒரு தடித்த கிளாசோடு திரும்பினார்.

"இதுட அடியப் பாருங்க, நாலாபக்கமும் கீறல். இதுதான் அசல். குப்பைய அலுமாரியில வெச்சிட்டு இதக் குசினியில போட்டிருக்கீங்க. இத நான் கொண்டு போறன்."

"மாப்பிள்ளைட மாமா கேட்டா இல்லண்டு சொல்லுவமா? கொண்டு போங்க."

அவர் போனதும் நப்லா அலுமாரிக் கிளாசைத் திருப்பி வைத்தாள்.

"எட்டுத் தலைமுறையா இதுல ஆரும் தண்ணி குடிக்கல்ல. பிறகு எப்பிடி உம்மா அடி கீறும்?"

"அத விடு மகள். அம்மியில இஞ்சி உள்ளி நசுக்க இனி வேற கிளாஸ் பாக்கணும்."