நூற்று இருபது வாக்கியம்

"இன்னொருக்கா சொல்லுங்க. வாயை நல்லாத் தொறந்து!"

வசந்தாமணி அதட்டினாள். குமாரசாமி ஏழாவது முறையாகச் சொன்னார்.

"ஓயிக்கு அண்ணி உட்டாஆ?"

கோழிக்குத் தண்ணி உட்டாச்சா என்று கேட்கிறார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். கை கால் தேறிவிட்டது, நாக்குதான் இன்னும் புரளவில்லை. எருமப்பட்டியில் அவர் பேச்சு புரிகிற ஒரே ஆள் மனைவி வசந்தாமணிதான்.

சேலத்திலிருந்து வந்திருந்த பேச்சுப் பயிற்சியாளர் ஆன்சி, அவர் முன்னால் செல்போனை வைத்திருந்தாள். குழறும் பேச்சைக் கேட்டுப் பழகி, அதை எழுத்தாகக் காட்டும் செயலி. ஆராய்ச்சியில் இருக்கிறது. இவரைப் போன்றவர்கள் குரல் கொடுத்தால்தான் அது தேறும்.

ஆன்சி கொண்டுவந்த வாக்கியங்களை வசந்தாமணி முதலிலேயே ஒதுக்கிவிட்டாள்.

"இன்று வானிலை எப்படின்னு அவரு என்னிக்குங்க கேட்டாரு?"

அவர் வீட்டில் பேசுகிற நூற்று இருபது வாக்கியங்களைத் கோழித் தீவனம் வாங்கிய சீட்டுகளின் பின்பக்கம் அவளே எழுதி வைத்திருந்தாள். ஆன்சிக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதது அந்த விரட்டல்தான்.

"களைச்சுட்டாரும்மா. மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த வசந்தாமணி திரும்பினாள். "என்னங்க சொன்னீங்க?"

ஆன்சி திரும்பச் சொன்னாள்.

"வேண்டாமுங்க, இன்னிக்கே முடிச்சிருங்க. அதுல எழுத்து பெருசா வருமுங்களா?"

குமாரசாமி துண்டால் வாயோரம் துடைத்துக்கொண்டு சிரித்தார். மனுஷன் படும் பாட்டைப் பார்த்து ஆன்சிக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஷின்கிட்ட தள்ளிவிட்டுட்டு ஒதுங்கிக்கப் பாக்கறீங்க" என்று முணுமுணுத்தாள்.

வசந்தாமணி விரல் வைத்து அடுத்த வரியைக் கணவருக்குக் காட்டினாள்.

வாசலில் முட்டை வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. அதற்கும் அவள் அசையவில்லை. குமாரசாமி வாசலைக் கைகாட்டிய பிறகுதான் எழுந்து போனாள்.

'கோபமாக்கும்' என்று நினைத்துக்கொண்டாள் ஆன்சி.

வசந்தாமணி படியிறங்கும்வரை காத்திருந்த குமாரசாமி, போனைத் தன் பக்கம் இழுத்தார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். திரையில் இரண்டு இடத்தில் எழுத்து பிசகியது. ஆனாலும் படிக்க முடிந்தது.

"எழுத்தைப் பெருசா வையுங்க. அவளுக்கு ரெண்டு காதும் போயிட்டிருக்கு. பீரோவுல டாக்டர் சீட்டைப் பாத்துட்டேன்."

ஆன்சி வாசலைப் பார்த்தாள். அவர் மறுபடி பேசினார்.

"நான் பேசறதை இனிப் படிச்சாவது தெரிஞ்சுக்கோணும்னுதான் இந்த அவசரம். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி."