கரையில் விட்ட செருப்பு

கல்யாண நாளுக்கு வெளியே கூட்டிப்போகிறேன் என்று செந்தமிழன் சொன்னது உத்திரமேரூர் ஏரிக்குத்தான். மீன் பிடிக்கும் முனிரத்தினத்திடம் சொல்லி, பொழுது சாயும்வரை தானும் மனைவி சுகிர்தாவும் மட்டும் அவர் படகில் சுற்றிவர ஏற்பாடு செய்திருந்தான். கரு கலைந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது.

செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு ஏறினார்கள். முனிரத்தினம் துடுப்புப் போட்டார். நடு ஏரியில், சாயும் வெயிலில் தண்ணீர் சிவந்தது.

"நல்லா கீதுல்ல?" என்றான்.

அவள் "ம்" என்றாள்.

இருட்டும் நேரத்தில் திரும்பினார்கள். செருப்புகளைக் காணோம். கரைமேல் நிறுத்திய பைக்கையும் காணோம். சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. தண்ணீரிலிருந்து ஏறிப்போன இரண்டு பேரின் ஈரக் காலடிகள் பைக் நின்ற இடத்தோடு முடிந்திருந்தன.

சுகிர்தா மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தே, பைக்க எவனோ எடுத்துக்கினு போய்ட்டான். வர லேட்டாவும்."

"இன்னாம்மா வெளையாடுற? இப்பத்தான ரெண்டு பேரும் ஈரக்காலோட வந்தீங்க? சமையக்கட்டுல நின்னுக்கினு எனக்கே போன் போடுறியா? போவட்டும், ரொம்ப நாள் கழிச்சி வூடே கலகலன்னு கீது."

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அது தன் சிரிப்புதான் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. கூடவே செந்தமிழனும் சிரித்தான். பக்கத்தில் நின்றவனை அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உதடு அசையவில்லை.

முனிரத்தினம் இன்னும் படகைக் கட்டவில்லை. அவர்கள் மறுபடி ஏறுவதற்காகத் துடுப்போடு காத்திருந்தார்.