முப்பத்தோராவது மைல்

"தங்கச்சி, இருபது மைல் தாண்டியாச்சு. அதுக்கு மேலே உள்ள பாதையை எடுத்துக் கொடும்மா."

உதயசூரியன் அண்ணன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். ரங்கூன் பசுந்தாங்கில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கடைக்கு ஒரு மாதமாக ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார். ஊரின் மறுகோடியில், லைங் தாயாவில் கார்மெண்ட் ஃபாக்டரி பஸ் ஓட்டுகிறவர்.

அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான். அமெரிக்காவில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு செம்பாறைப் பள்ளத்தாக்கு. தேசியப் பூங்காவாம். அதற்குள் மோட்டார் சைக்கிளில் போகிற வழி. எந்த மைலில் வளைவு, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கூடாரம் போடலாம் என்று எல்லாம் வேண்டும்.

"அங்கே பெட்ரோலுக்குக் கோட்டா உண்டா?"

"இல்லண்ணே. கேட்ட அளவு போடுவாங்க."

"அடேயப்பா!" நோட்டில் எழுதிக்கொண்டார். "அப்புறம், அங்கேயிருந்து ஒரு கல் எடுத்துட்டு வரலாமான்னு பார்த்துச் சொல்லேன்."

விதிகளைப் படித்தேன். "கூடாதாம். அபராதம் போடுவாங்க."

"சின்னக் கல்தான்மா" என்றார், நான்தான் அந்தப் பூங்காவின் காவலாளி என்பது போல.

ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டவே தடை. அவரிடம் சாதாரண சைக்கிள்கூடக் கிடையாது.

அவர் போனதும், பக்கத்துக் கடை காளியம்மா அக்கா மீன்குழம்பு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்தாள்.

"போயிட்டானா அமெரிக்காக்காரன்?"

"இப்பதான்க்கா."

"வெட்கமா இல்லை அவனுக்கு? கூடப்பிறந்த தம்பி ரெண்டு வருஷமா கம்பி எண்ணுறான். அந்தப் பிள்ளை சபாபதி என்ன செஞ்சான்? அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போன புத்த பிக்குகளுக்குத் தண்ணி குடுத்தான். அண்ணன்காரன் டூருக்குப் பிளான் போடுறான்! ஞாயித்துக்கிழமையில வீடு பூட்டியே கிடக்கு. எங்கே ஊர் சுத்துறானோ!"

"எனக்கென்ன தெரியும்க்கா."

"நீதானே மேப் எடுத்துக் குடுக்கிறே, சஜிதா. படிச்ச பொண்ணு. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கக்கூடாது?"

நறுக்கென்று கேட்க எனக்கு வராது. பொய் சொல்லத்தான் வந்தது.

"அண்ணே, அந்தப் பாதையை மூடிட்டாங்க" என்றேன், அடுத்த முறை அவர் வந்தபோது. "வெள்ளம் வந்து முப்பத்தோராவது மைல்ல ரோடே போயிடுச்சாம்."

பேனா நின்றது.

"எப்போ திறப்பாங்க?"

"தெரியலண்ணே. வருஷக்கணக்காகும்னு போட்டிருக்கு."

"வேற வழி?"

"இல்லை."

அவர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார். குடையைக்கூட மறந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்டு, அன்றைக்குக் காளியம்மா அக்கா என் மொகிங்காவில் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வரவேண்டியவர் வரவில்லை. நான்காவது வாரம் வந்தார். கையில் நோட்டு இல்லை.

"குடையை விட்டுட்டுப் போயிட்டேன் போல."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"லத்தா பக்கம் இன்னொரு இன்டர்நெட் கடையில பார்க்கச் சொன்னேன், தங்கச்சி. அந்தப் பாதை மூடவே இல்லைங்கிறாங்க."

நான் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பரவாயில்லை. நீ அவசரத்துல வேற எதையோ படிச்சிருப்பே" என்றார். குரலில் கோபமே இல்லை.

"அண்ணே..."

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஜெயில்ல சபாபதியைப் பார்க்கப் பதினஞ்சு நிமிஷம் விடுவாங்க. நடுவுல கம்பி வலை. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து நாங்க பேசுறதை எல்லாம் எழுதுவார். கேஸைப் பத்திப் பேசக்கூடாது. ஊர் விஷயம் பேசக்கூடாது. வேற என்னதான் பேசுறது சொல்லு? அவனுக்கு மோட்டார் சைக்கிள்னா உசிரு. அதான் ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்து மைலா ஓட்டினோம். எழுதுறவரே பேனாவைக் கீழே வச்சுட்டு, ‘அப்புறம்?’னு கேட்பார்."

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பாதை போயிடுச்சுன்னு சொன்னதும் அவன் அப்படியே வலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அதுக்கடுத்த தடவை கூப்பிட்டப்போ வெளியே வரவேயில்லை. நாளைக்கும் போறேன். வருவானா என்னவோ."

முப்பத்தோராவது மைலிலிருந்து கடைசி மைல் வரைக்கும் மளமளவென்று அச்செடுத்தேன். காகிதக் கட்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் மேலே இருந்த இரண்டு தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்து மைல் போதும்மா. இன்னும் மூணு வருஷம் ஓட்டணுமே."

"நான் வேணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன். காதில் விழாதது போல அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கல் எடுக்கலாமான்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? அவன் கேட்கச் சொன்னதுதான். அபராதம்னு சொல்லியும் கேட்கலை. கட்டினாலும் பரவாயில்லை, மேப் எடுத்துக் குடுக்கிற தங்கச்சிக்கு அங்கேயிருந்து ஒரு கல்லாவது கொண்டு வந்து குடுக்கணும்னான்."