பயிற்சி அளித்தவர்

"போட மாட்டேன்னா போட மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்."

ரோலர்காரி முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கொதிக்கிற உருளைக்குள் ஈர பெட்ஷீட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். மறுபக்கம் அது இஸ்திரி ஆகி வெளியே வந்தது.

கையெழுத்துக் கேட்டு வந்த புதுசு அங்கேயே நின்றாள். நாற்பத்துநாலு வயதில், கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் 'புதுசு' என்று பேர் வாங்கியவள். எதிரே நிற்பவளுக்கு முப்பதுகூட இருக்காது. ஆனால் எட்டு வருட சர்வீஸ். இந்த இடத்தில் வயதுக்கா மரியாதை, மிஷினுக்குத்தான் மரியாதை.

கையில் இருந்தது ஒரே ஒரு தாள். 'பதினைந்து நாள் பயிற்சியை முடித்தார்' என்று அச்சடித்திருந்தது. அவள் வேலைக்கு வந்ததே பத்து நாள்! கீழே இரண்டு கோடு. ஒன்றில் பயிற்சி பெற்றவர், இன்னொன்றில் பயிற்சி அளித்தவர் கையெழுத்து. ஐந்து மணிக்குள் தாள் ஆபீசுக்குப் போகாவிட்டால் நாளை முதல் வேலை இல்லை. வீட்டுக்காரர் முதுகு போய் ஏழு மாதமாகப் படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

பயிற்சியாம் பயிற்சி! அந்தக் கூத்தைக் கேளுங்கள். முதல் நாள் சூப்பர்வைசர் வந்தார். "பச்சையை அமுக்கினா ஓடும், சிவப்பை அமுக்கினா நிக்கும். பெரிய வித்தை ஒண்ணும் இல்லம்மா" என்றார். போய்விட்டார். அவ்வளவுதான் படிப்பு.

மூன்றாம் நாள் ஆள் குறைகிறது என்று அவரே இவளை ரோலர் முன்னால் நிறுத்தினார். பெட்ஷீட் ஒன்று கோணலாகப் போய்ச் சுருண்டுகொண்டது. இழுத்துச் சரி செய்யலாம் என்று கையை நீட்டினாள்.

"கையை எடுங்க! யாரு உங்களை இங்கே நிக்கச் சொன்னது? போய் அழுக்கு மூட்டையைப் பிரிங்க, போங்க!"

ரோலர்காரி போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அழுக்கு மூட்டைதான். ரத்தமும் சீழுமாக வரும் துணியைப் பிரித்துப் பிரித்து, வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

"தங்கச்சி, ஒரு கையெழுத்துதானே? உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"நான் உங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தேனா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் போடறது?"

"நீ சொல்லிக் கொடு, நான் கத்துக்க மாட்டேன்னா சொன்னேன்?"

ரோலர்காரி அடுத்த பெட்ஷீட்டை உள்ளே தள்ளினாள். மிஷின்தான் இரைந்தது. கல்நெஞ்சுக்காரி, நல்லா இருப்பாளா என்று வயிறெரிந்தாள் புதுசு.

சூப்பர்வைசர்தான் தங்கமான மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"அவளுக்குத் தலைக்கனம்மா. நீங்க உங்க கையெழுத்தைப் போடுங்க, அந்தக் கோட்டை நான் பார்த்துக்கறேன். இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்."

"போட்டா வேலை நிலைச்சிடுமா சார்?"

"நாளைக்கே நீங்க ரோலர்ல நிக்கலாம்."

மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தைத்தான் போட்டிருப்பாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரோலர்காரி வந்தாள். ஓடுகிற மிஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

"அடிப் பாவி! என் குடும்பம் உனக்கு என்னடி கெடுதல் பண்ணிச்சு?" புதுசு கத்தியே விட்டாள்.

ரோலர்காரி அவளைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

"பத்து நாளா கேக்கறேன் சார், இவங்களைப் பதினஞ்சு நாள் என்கூட விடுங்கன்னு. வேலை தேங்கும், முடியாதுன்னீங்க. இப்ப இவங்களை வெளியே அனுப்பினா நானும் வர மாட்டேன். நாளைக்கு ரோலரை நீங்களே ஓட்டிக்குங்க."

தங்கமான மனுஷன் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

புதுசுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எனக்காகத்தான் பேசறேன்னா, அந்தத் தாளை எதுக்கும்மா கிழிச்சே?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த பொண்ணுக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோச்சுக்கா. உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி இருக்கே, அதை முட்டினா மிஷின் நின்னுடும். அதைக்கூட அவளுக்கு யாரும் சொல்லல. நஷ்டஈடு கேட்டு வந்தா. நீதான் பயிற்சி முடிச்சவளாச்சே, தப்பு உன்னோடதுதான்னு இதே மாதிரி ஒரு தாளைக் காட்டி அனுப்பிட்டாங்க."

கிழித்த துண்டுகளை அவள் கைக்குள் கசக்கினாள்.

"பயிற்சி அளித்தவர்னு அதுல கையெழுத்துப் போட்டது நான்தான்க்கா."